குழாய்நீரின் சோதனை முடிவை மக்கள் முன் வையுங்கள்

கண்டியில் ஒரு வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லில் எத்தனை அலகு பாவித்தோம், எவ்வளவு கட்ட வேண்டும், நிலுவை எவ்வளவு என்பதெல்லாம் சதம் பிசகாமல் இருக்கும். அந்த மாதத்தில் நமது தெருவின் குழாய்நீரை யாராவது சோதித்தார்களா, அதில் குளோரின் எவ்வளவு எஞ்சியிருந்தது, ஈ.கோலை கிருமி இருந்ததா என்பது அதில் இருக்காது. சோதனையே நடப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. நடக்கிறது. அதன் முடிவு அலுவலகக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. அந்த நீரைக் குடிப்பவருக்கு அந்த முடிவைப் பகுதிவாரியாக, வாரந்தோறும் அறிவிக்க வேண்டும். கண்டி மாநகர சபையிடமும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் நாம் கேட்பது இதைத்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்பதை விளங்கிக்கொள்ள, மகாவலி நம்மிடம் வந்து சேரும் வழியைப் பார்க்க வேண்டும். நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் போடும் உரத்தில் ஒரு பகுதி மழையோடு கழுவுண்டு கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1991 இல் அந்த நீர்த்தேக்கத்தில் நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி பெருகியது. 1999 இல் கண்டி ஏரியிலும் அதே வகைப் பாசி படர்ந்தது. இந்தப் பாசி வெளியிடும் நச்சு நீரைக் கொதிக்க வைத்தாலும் அழியாது. கொத்மலைக்குக் கீழே நாவலப்பிட்டியிலிருந்தும் வரும் நீர் கம்பளை, பேராதனை, கெட்டம்பே என்று ஓடி வருகிறது. மேலே உள்ள ஊர்கள் பெரும்பாலும் மலக்குழிகளையே நம்பியிருக்கின்றன. அவை நிரம்பி வழிந்தாலும், மழைக்காலத்தில் கசிந்தாலும் கடைசியில் சேரும் இடம் ஆறுதான்.

நகருக்குள் நிலைமை இன்னும் நெருக்கமானது. கண்டி ஏரி நிரம்பி வழியும் நீர் மெத எலவாக நகரின் நடுவே ஓடி மகாவலியில் விழுகிறது. கடை, ஹோட்டல், வாகனம் திருத்தும் இடம், வீடு என்று கரையோரத்தின் கழிவையெல்லாம் அது சுமந்து செல்கிறது. அது ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழேதான் கட்டுகஸ்தோட்டையில் குடிநீருக்காக ஆற்றுநீரை எடுக்கிறோம். கொஹாகொடையில் பல பத்தாண்டுகளாக நகரின் குப்பை மலையாகக் குவிந்த இடமும் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அதன் கசிவுநீர் ஆற்றுக்குள் இறங்குவதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல முறை எழுதிவிட்டார்கள். இவ்வளவும் சேர்ந்த ஆறு பொல்கொல்லவை அடைகிறது. அங்கிருந்து 1976 முதல் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திரும்பி, மாத்தளைப் பக்கத்து ஆறுகளோடு சேர்ந்து வரண்ட வலயத்துக்குப் போகிறது. கண்டி ஆற்றில் விடுவது கண்டியோடு முடிவதில்லை.

இதைச் சரிசெய்ய ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2010 மார்ச்சில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 1,408 கோடி யென்னுக்கு மேற்பட்ட கடன் உடன்படிக்கை கைச்சாத்தாகி, கன்னொருவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. நகர மையத்தின் கழிவு ஆற்றுக்குப் போகும் முன் சுத்தமாவது பெரிய காரியம். ஆனால் அந்தக் குழாய்வலை நகரத்தின் ஒரு பகுதியைத்தான் எட்டுகிறது. மேலேயுள்ள ஊர்களின் கழிவுக்கு அது பரிகாரம் அல்ல.

நதி அழுக்கானாலும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு டில்லியின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1955 இறுதியில் யமுனையில் வந்த வெள்ளத்துக்குப் பின் ஆற்றின் போக்கு மாறியது. நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை பின்வாங்கி, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தது. பொறியியலாளர்கள் அதைக் கண்டுகொண்டு குளோரினைக் கூட்டினார்கள். வயிற்றோட்டமோ தைபோயிட்டோ பெரிதாகக் கூடவில்லை. குளோரின் பக்டீரியாக்களைக் கொன்றுவிட்டது. வைரஸ் தப்பியது. சில வாரங்களில் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. நிலையத்தில் இருந்தவர்கள் அலட்சியமாக இருந்ததால் வந்த கேடு அல்ல அது. சாக்கடை விழும் இடத்துக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் இடையிலான தூரம் ஒரு வெள்ளத்தில் இல்லாமற்போகும் என்பதுதான் அங்கே நடந்தது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 2007 இல் கம்பளையில் ஹெபடைட்டிஸ் ஏ பரவியபோது நூற்றுக்கணக்கானோர் செங்கண்மாரியில் படுத்தார்கள். சந்தேகம் நகரின் குழாய்நீர் மீதே விழுந்தது. இந்த நோயில் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. கிருமி உடலுக்குள் போய் நோய் வெளியே தெரிய இரண்டு வாரம் முதல் ஏழு வாரம் வரை ஆகலாம். சராசரியாக ஒரு மாதம். ஆஸ்பத்திரியில் கூட்டம் சேர்ந்த பிறகு குழாயைச் சந்தேகிப்பதென்றால், கெட்ட நீரை ஊரே ஒரு மாதம் குடித்து முடித்திருக்கும். நோயாளிகளை எண்ணி நீரின் தரத்தை அறியும் முறை மாற வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் நீர் சரியாக இருந்தாலும் வீட்டுக்கு வரும் நீர் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கண்டி மலை நகரம். மேட்டில் இருக்கும் வீடுகளுக்கு நீர் ஏறுவதே சிரமம். சில இடங்களில் குறித்த நேரத்துக்குத்தான் வரும். நீர் நின்று குழாயில் அமுக்கம் இறங்கும்போது, வெடிப்பும் தளர்ந்த மூட்டும் உள்ள இடங்களில் வெளியே இருக்கும் நீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். நமது ஒழுங்கைகளில் பைப்புகள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு அந்த வெளிநீர் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கானுக்குள்ளேயே கிடக்கின்றன. மேலே ஒரு வீட்டின் மலக்குழி, அதற்குக் கீழே கானு, கானுக்குள் அடுத்த வீட்டின் குடிநீர்க் குழாய்: சரிவில் கட்டிய எந்தக் குடியிருப்பிலும் இதைக் காணலாம்.

ஆகவே நீரைச் சோதிக்க வேண்டிய இடம் குழாயின் கடைசி முனை. உலக சுகாதார நிறுவனம் பாவனையாளரின் குழாயில் குறைந்தது லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ் 614, நூறு மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. குளோரினைப் பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. சிறு குப்பியில் நீரை எடுத்து ஒரு மாத்திரையைக் கரைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். பொதுச் சுகாதார பரிசோதகர் தெரு முனையில் நின்றபடியே செய்யக்கூடிய வேலை அது. ஈ.கோலைச் சோதனைக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். செலவையும் வசதியையும் காரணம் காட்ட இங்கே அதிகம் இடமில்லை.

குறை அமைப்பில் இருக்கிறது. கண்டி நகருக்குள் நீர் வழங்குவது மாநகர சபை. அதே நகரின் பொதுச் சுகாதாரத்தைக் கவனிப்பதும் அந்தச் சபையின் சுகாதாரப் பிரிவுதான். நகருக்கு வெளியே நீர் வழங்கல் சபை தானே நீரை உற்பத்தி செய்கிறது, விற்கிறது, சோதிக்கிறது. இந்த நிறுவனங்களில் வேலை செய்பவர்களின் நேர்மையை நாம் கேள்வி கேட்கவில்லை. தன் வேலையைத் தானே மதிப்பிட்டு, மதிப்பெண்ணையும் தானே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எவ்வளவு நேர்மையானவருக்கும் நல்லதல்ல. மின்சாரத்துக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. கட்டணம் கூட்டுவதென்றால் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆணைக்குழுவின் எல்லைக்குள் நீரையும் வைத்தது. ஆனால் அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் 2003 இல் உயர் நீதிமன்றம் வரை போய், சட்டமாகாமலே நின்றுவிட்டது. தண்ணீர் தனியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் அன்று பலருக்கு இருந்தது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் விற்பனையைத் தடுக்கப் போய், கண்காணிப்பையும் சேர்த்து இழந்துவிட்டோம்.

முடிவை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வோக்கர்டன் சாட்சி. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர் அது. 2000 மே மாதத்தில் பெருமழைக்குப் பின் மாட்டெரு கலந்த நீர் ஒரு குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கியது. நீரில் ஈ.கோலை இருப்பதாக ஆய்வுகூடம் நீர்ச் சபைக்கு மே 17 இலேயே அறிவித்தது. பொறுப்பாளர் அதைச் சுகாதாரத் திணைக்களத்திடம் சொல்லவில்லை. நீர் நன்றாக இருக்கிறது என்றே கேட்டவர்களுக்குப் பதில் போனது. நோயாளிகளைக் கண்டு சந்தேகித்த சுகாதார அதிகாரி மே 21 இல் தாமாகவே எச்சரிக்கை விடுத்தார். ஏழு பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். குளோரின் அளவுப் பதிவுகள் பல காலமாகவே அளக்காமல் எழுதப்பட்டவை என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்த நான்கு நாட்களில் முடிவு ஒரு பலகையில் ஒட்டப்பட்டிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

முடிவை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள், சுற்றுலாப் பயணிகள் வரமாட்டார்கள் என்று சொல்வார்கள். பெரஹர காலத்தில் இந்த வாதம் இன்னும் பலமாக ஒலிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இதற்குப் பதில் கிடைத்தது. கம்பளையும் பேராதனையும் வெள்ளத்தில் கிடந்தன, மலைகள் சரிந்தன, குழாய்கள் வரண்டன, கிணறுகளுக்குள் சேற்றுநீர் இறங்கியது. மக்கள் பீதியில் சிதறவில்லை. பவுசர் வரும் இடத்தைக் கேட்டறிந்து வாளியோடு வரிசையில் நின்றார்கள். உயிரையும் வீட்டையும் இழந்த நேரத்தில் அவ்வளவு நிதானம் காட்டியவர்கள், தம் வட்டாரத்தின் குளோரின் அளவைக் கேட்டு நிலைகுலைந்து போவார்கள் என்று எண்ணுவது அவர்களை அவமதிப்பது.

கொதித்தாறிய நீரைப் பருகுங்கள் என்ற அறிவுரை நல்லது. ஆனால் அது எல்லா நாளைக்கும் உரிய கொள்கையாக முடியாது. கொதிக்க வைக்கும் விறகுக்கும் காஸுக்கும் யார் காசு கொடுப்பது? வசதியுள்ள வீடு வடிகட்டி வாங்கும், போத்தல் நீர் வாங்கும். மஹியாவையில், இந்த நகரின் கானுகளைத் தலைமுறையாகச் சுத்தம் செய்துவரும் குடும்பங்கள் என்ன செய்யும்? புசல்லாவை, தெல்தோட்டை, கலஹா பக்கத் தோட்டங்களில் பீலித் தண்ணீரையே குடிக்கும் லயங்களின் கதி இதைவிட மோசம். அங்கே நீர் எந்த மலையிலிருந்து வருகிறது, மேலே எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள் என்பதை யாரும் சோதித்துச் சொல்வதில்லை. சோதனைத் திட்டம் குழாய் இணைப்புள்ள வீட்டோடு நிற்காமல் பீலிக்கரைக்கும் போக வேண்டும். அதற்குரிய பொறுப்பைப் பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் ஏற்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே, கேட்டுப் பெறலாமே என்பார்கள். 2016 ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மதிப்புமிக்கது. ஆனால் கோரிக்கையை ஏற்பதா இல்லையா என்று தீர்மானிக்கவே 14 வேலை நாட்கள் தருகிறது. பதில் வரும்போது அந்த நீர் எப்போதோ குடித்து முடிந்திருக்கும். இன்று காலை கேட்காமலே தெரிய வேண்டிய செய்தி இது.

நீர் எடுக்கும் இடத்தைக் காப்பது எப்படி என்று இந்த நகரத்துக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. துனுமடலாவ ஒரு காலத்தில் பயிர்த்தோட்டம். நகரின் குடிநீருக்காகவே அதைக் காடாக வளர விட்டார்கள். இன்றும் அதன் நீர்த்தேக்கங்கள் நகருக்கு உதவுகின்றன. அந்த முன்யோசனையில் ஒரு பங்கு ஆற்றுக்கும் கிடைக்க வேண்டும். மெத எலக் கரையில் கழிவை நேரே விடும் கட்டடங்களுக்கு, சுத்திகரிப்பு வலையோடு இணையக் காலக்கெடு விதிக்க வேண்டும். கொஹாகொடைக் கசிவுநீரை மறிக்க வேண்டும். இவை ஆண்டுக்கணக்கில் எடுக்கும் வேலைகள் என்பதை ஏற்கிறோம்.

முடிவை வெளியிடுவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தெரிவான உறுப்பினர் இல்லாமல் இருந்த நகரத்துக்கு 2025 மே மாதத் தேர்தலால் மீண்டும் சபை கிடைத்தது. அடுத்த அமர்விலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்: ஒவ்வொரு வட்டாரத்திலும் குழாயின் கடைசி முனையில் நீரெடுத்துச் சோதிப்பது; திகதி, இடம், குளோரின், ஈ.கோலை, கலங்கல் ஆகியவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் நகர மண்டபத்திலும் கைத்தொலைபேசியிலும் வாரந்தோறும் அறிவிப்பது. அளவு தவறிய நாளில் அன்றே அந்தத் தெருவுக்கு ஒலிபெருக்கியில் சொல்வது. சோதனைகளில் ஒரு பங்கையாவது நீர் வழங்காத வேறொரு ஆய்வுகூடத்திடம் ஒப்படைக்கட்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பளை, நாவலப்பிட்டி நகர சபைகளும் இதைத் தம் அமர்வுகளில் எடுக்க வேண்டும். அடுத்த தென்மேல் பருவமழை தொடங்கும் முன் முதல் பட்டியல் வெளிவர வேண்டும். அதை நாம் இப்பத்திரிகையிலும் ஒவ்வொரு வாரமும் வெளியிட ஆயத்தமாக இருக்கிறோம்.