ஆல்-இன் அடிக்கிறது தைரியம் இல்ல மச்சி, கணக்கு!

ஹாஸ்டல்ல நாலு பேர் சேர்ந்து போக்கர் ஆடினா, அதில் ஒருத்தர் கண்டிப்பா ‘ஆல்-இன்’ பார்ட்டியா இருப்பார். என்ன கார்டு வந்தாலும் காயின் மொத்தத்தையும் நடுவில் தள்ளுவார். ரெண்டு தடவை ஜெயிச்சதும், “பயந்தவனுக்கு போக்கர் இல்லடா” என்று கிளாஸ் வேற எடுப்பார்.

அவர் சொல்வதில் பாதி சரி. சும்மா ‘கால்’ பண்ணிக்கொண்டே போனால் ஜெயிக்க ஒரே வழிதான்: கடைசியில் நம்ம கார்டு பெரிதாக இருக்கணும். பெட் கட்டினால் ரெண்டு வழி. கார்டு பெரிதாக இருக்கலாம், இல்லை எதிராளி அதுக்கு முன்னாடியே ‘ஃபோல்ட்’ பண்ணிட்டுப் போகலாம்.

மீதிப் பாதிதான் அவருக்குத் தெரியாத கணக்கு. நடுவில் 100 காயின் இருக்கு, உங்க கையில் ஒண்ணுமே இல்லை. 50 கட்டினால், எதிராளி மூணில் ஒரு தடவைக்கு மேல் ஃபோல்ட் பண்ணினால்தான் லாபம். 100 கட்டினால் பாதிக்கு மேல் ஃபோல்ட் பண்ணணும். எதையும் ஃபோல்ட் பண்ணாத ஆளிடம் பிளஃப் அடிப்பது, சுவரில் பந்தை அடித்துவிட்டு அது அவுட் ஆகும் என்று காத்திருப்பது மாதிரி.

கொஞ்சம் புத்திசாலித்தனமான வழி, டேவிட் ஸ்க்லான்ஸ்கி பெயர் வைத்த ‘செமி-பிளஃப்’. டெக்சஸ் ஹோல்டெமில் முதல் மூணு பொதுக் கார்டு விழுந்ததும் உங்களுக்கு நாலு ஹார்ட்டின் சேர்ந்திருக்கு என்று வையுங்கள். மீதி ஒன்பதில் ஒன்று வர வாய்ப்பு சுமார் 35%. எதிராளி ஃபோல்ட் பண்ணாவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடாது.

2017-ல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் ப்ரோகிராம், நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. நடுவில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய பெட் எல்லாம் அசராமல் கட்டியது. அதுக்கு என்ன தைரியமா? எல்லாமே கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கு பலிக்க ஆயிரக்கணக்கான ஆட்டம் வேணும். உங்களிடம் மூணு பெட்டுக்கான மெஸ் காசுதான் இருக்கு என்றால்? நூறுக்கு 100 கட்டி, எதிராளி 60% ஃபோல்ட் பண்ணினால்கூட, அதாவது நீங்க சரியாவே ஆடினால்கூட, முதல் மூணு பெட்டும் போக 6.4% வாய்ப்பு. பதினாறு பேர் இப்படி ஆடினால் ஒருத்தர் மூணாவது கையிலேயே காலி. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமே நிறைவேற்றியது. சட்டத்தை விடுங்க, கணக்கே வேண்டாம் என்றுதான் சொல்லுது.

தீக்குச்சி வைத்து ஆடுங்க, ஆக்ரோஷமாவே ஆடுங்க. ஆனால் ஒவ்வொரு பெட்டுக்கும் முன்னாடி ஒரு கேள்வி: “இவன் பத்துக்கு எத்தனை தடவை ஃபோல்ட் பண்ணுவான்?” பதில் தெரியலையா, பேசாம ‘செக்’ சொல்லுங்க.