சந்தா எங்களுடையது, சங்கமும் எங்களுடையதாகட்டும்: கலகெதரத் தோட்டத் தொழிலாளர் கோரிக்கைச் சாசனம்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குப் போகும் பாதையில் இருக்கிறது கலகெதர. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களும் இறப்பர் பால் வெட்டுபவர்களும் மிளகு ஆய்பவர்களுமான நாங்கள், இந்தச் சாசனத்தைத் தொழில் அமைச்சுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் எங்கள் பெயரால் பேசும் தொழிற்சங்கங்களுக்கும் முன்வைக்கிறோம். மூன்று தரப்பையும் ஒரே தாளில் விளித்திருப்பது வேண்டுமென்றுதான். சம்பளத்தைப் பிடித்து வைப்பது நிர்வாகம், பார்த்துக்கொண்டிருப்பது அரசு, எங்களைக் கேட்காமலே ஒப்புக்கொள்வது சங்கம்.

கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. இதே கண்டி மாவட்டத்தில் மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரைவேலை பழக வந்த பிரேஸ்கேர்டிலை, தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக 1937இல் நாடுகடத்த உத்தரவு பிறந்தது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். எட்டு ஆண்டுகள் கழித்து எங்கள் குடியுரிமை போனது, அதன்பின் வாக்கும் போனது. வாக்கில்லாத தொழிலாளிக்குத் தலைவர்தான் வாய் என்ற நிலை அப்போது இறுகியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டபோதும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் நீங்கியது. தலைவர் முடிவெடுப்பார், தோட்டம் கைதட்டும் என்ற பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

அமெரிக்காவின் கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் கறுப்பினத் தொழிலாளரும் இதே இடத்தில் நின்றார்கள். 1968 மே மாதம் டொட்ஜ் தொழிற்சாலையில் வேலை வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துச் சங்கத்தின் அனுமதியில்லாமலே வேலைநிறுத்தம் வெடித்தது. ஜெனரல் பேக்கர் என்ற தொழிலாளி உள்ளிட்டோர் வேலை இழந்தனர். அங்கிருந்து பிறந்த 'டிரம்' இயக்கம் கம்பெனியின் இனப் பாகுபாட்டை மட்டுமல்ல, சந்தா வாங்கிக்கொண்டு கறுப்பரின் குறைகளைக் கிடப்பில் போட்ட சங்கத்தையும் எதிர்த்தது. அடுத்த ஆண்டு, பல ஆலைகளில் தோன்றிய இத்தகைய குழுக்கள் புரட்சிகரக் கறுப்பினத் தொழிலாளர் கழகமாக ஒன்றுசேர்ந்தன. சங்கத்தைத் தட்டிக்கேட்டால் நிர்வாகத்துக்குத்தான் இலாபம் என்று அவர்களிடமும் சொல்லப்பட்டது; எங்களிடமும் சொல்லப்படுகிறது. நாங்கள் இதை ஏற்கவில்லை. கேள்வி கேட்கும் உறுப்பினர்தான் சங்கத்துக்குப் பலம்.

ஆகவே எங்கள் முதற்கோரிக்கை சங்கங்களிடம். சந்தா நெடுங்காலமாக மாதாமாதம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே கழிக்கப்பட்டு எங்கள் கைக்கு வராமலே போனது. சந்தாப் பணத்தின் வரவு செலவு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தோட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டும். சம்பளம் பற்றிய எந்த உடன்பாடானாலும் தமிழில் எழுதி, தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் படித்துக் காட்டி, இரகசிய வாக்கெடுப்பில் நாங்கள் ஏற்ற பிறகே ஒப்பமிட வேண்டும். தோட்டத் தலைவர் நியமனத்தால் அல்ல, தேர்தலால் வர வேண்டும். மலையில் நிரை பிடிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மேடையில் உட்காருபவர்களோ ஆண்கள். மாதர் சங்கம் என்று தனியே ஓர் ஓரத்தில் உட்கார வைத்தது போதும். பேச்சுவார்த்தை மேசையில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும், அதுவும் இப்போது மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு.

நிர்வாகங்களுக்கு: 2015இல் கேட்கத் தொடங்கிய 1000 ரூபா, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் சட்டமானது. கிடைத்த கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ உயர்ந்தது, எட்டாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதற்குச் சம்பள உயர்வு என்று பெயர் சொல்லக் கூடாது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயமானபோதும் அதற்கு மேலான தொகை கூடுதல் கிலோவோடுதான் கட்டப்பட்டது. கண்டிப் பக்கத்தில் பல மலைகளில் இருப்பது கிழட்டுத் தேயிலை. காடு வெட்டாமல், உரம் போடாமல் விட்ட செடியில் எங்கிருந்து கொழுந்து வரும்? மலையின் நிலைமையைத் தொழிலாளரும் சேர்ந்து பார்த்த பிறகே கிலோ அளவு தீர்மானிக்கப்பட வேண்டும். வேலைக்கு வந்து நின்றவருக்கு முழுப்பேர் போட வேண்டும். தராசு எங்கள் கண்முன் இருக்க வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கைபோன போக்கில் கழிப்பதை நிறுத்த வேண்டும்.

அரசுக்கு: சம்பளத்தில் கழித்த ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாமல் வைத்திருக்கும் தோட்டம் எதுவானாலும், அரசு நடத்தும் தோட்டமே ஆனாலும், நிலுவையை வட்டியோடு வசூலித்துக் கொடுங்கள். ஓய்வுபெற்றவர் சேவைக்காலப் பணத்துக்காகக் காரியாலயப் படி ஏறி இறங்கியே சாகக் கூடாது. லயத்துக்கு இலக்கமும் முகவரியும் கொடுத்து, கடிதத்தைத் தபால்காரர் எங்கள் வாசலில் தர வேண்டும். வீட்டோடு காணி உறுதியும் வேண்டும், அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தொழில் காரியாலயத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ளும் உத்தியோகத்தர் இருக்க வேண்டும்.

பக்கத்துக் கிராமங்களிலிருந்து கைக்காசுக்கு வரும் சிங்கள, முஸ்லிம் தொழிலாளருக்கும் இந்தக் கோரிக்கைகள் அப்படியே பொருந்தும். குறைந்த கூலிக்கு அவர்களை எங்களுக்கு எதிராக நிறுத்த இடம் கொடுக்க மாட்டோம்.

அக்கா, அண்ணன், தம்பி, தங்கைமாரே, உங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் இதைச் சத்தமாக வாசியுங்கள். விடுபட்டதைச் சேருங்கள், உடன்படாததை அடியுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.