ஞாயிறு வயிற்றுக்கு விடுமுறையா?



"வாரமெல்லாம் அளவோடுதானே உண்டேன், விடுமுறையில் சற்று மீறினால் என்ன?" என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நானும் அவ்வாறு எண்ணியவன்தான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வாரத்தில் 21 வேளை உணவு. சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களில் மட்டும் 6 வேளை. கால் பங்குக்கும் அதிகம். இதை எப்படி ஒதுக்கிவிட முடியும்?

"திங்களன்று மாடிப்படி ஏறிச் சரிசெய்துகொள்வேன்" என்பார்கள் சிலர். 1 கிராம் எண்ணெயில் 9 கிலோ கலோரி ஆற்றல் உண்டு. பஜ்ஜியோடு 10 கிராம் எண்ணெய் உள்ளே சென்றால் 90 கிலோ கலோரி. ஏறத்தாழ 3,77,000 ஜூல். 50 கிலோகிராம் நிறையுள்ளவர் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி ஏறச் செய்யும் வேலை 50 × 9.8 × 3 = 1,470 ஜூல். தசைகள் உணவாற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன எனக் கொண்டால், மாடி ஒன்றுக்கு 5,880 ஜூல் செலவாகும். அந்த எண்ணெய்க்கு ஈடாக 64 மாடிகள் ஏறவேண்டும்!

இதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். வளரும் வயதில் அது பெருந்தவறு. பலகாரமே கூடாது என்பதும் என் கருத்தன்று. விடுமுறையிலும் வழக்கமான நேரத்தில் காலை உணவை உண்ணுங்கள். பசித்து வாடியபின் அமர்ந்தால் அளவு மீறும். பஜ்ஜி இரண்டோடு நிற்கட்டும். மீதிப் பசிக்குச் சுண்டலும் கொய்யாவும் இருக்கின்றன.

நாட்காட்டியின் சிவப்பு எழுத்து பள்ளிக்குத்தான் விடுமுறை தரும். ஆற்றல் அழிவின்மை விதிக்கு விடுமுறை கிடையாது.