ஒரு முகம், இரு பெண்கள்

ஜப்பானியக் காதல் படங்களில் சிந்திய கண்ணீரை அளந்து நடிப்புக்கு மதிப்பெண் போட முடியாது. ஷுன்ஜி இவாய் எழுதி இயக்கிய ‘லவ் லெட்டர்’ (1995) நல்ல உதாரணம். மலையேறப் போய் இறந்த காதலனின் பழைய முகவரிக்கு ஹிரோகோ கடிதம் போடுகிறாள். பதில் வருகிறது! எழுதியவள் அவனுடன் பள்ளியில் படித்த, அவன் பெயரே கொண்ட இட்சுகி. போதாததற்கு அவளுக்கு ஹிரோகோவின் முகஜாடை வேறு.

நம்பச் சிரமமான தற்செயல்தான். ஆனால் இவாய் அதை வைத்து ஆள்மாறாட்டக் கூத்து நடத்தவில்லை. அந்த முகத்துக்காகத்தான் தன்னைக் காதலித்தானோ என்ற சந்தேகம் ஹிரோகோவை அரிக்கிறது. இனி யாரிடம் கேட்பது?

இரு வேடங்களிலும் வருபவர் பாப் பாடகியாகப் புகழ்பெற்ற மிஹோ நகயாமா (1970-2024). ஜலதோஷத்தோடு படபடக்கும் இட்சுகியும், வார்த்தைகளை விழுங்கும் ஹிரோகோவும் பேச்சிலும் பார்வையிலுமே வேறு வேறு பெண்களாகிறார்கள். கடைசியில் பனிமலையை நோக்கி ஹிரோகோ கத்துவது வெறும் நலம் விசாரிப்பு. காதல் வசனமே இல்லை. மீண்டும் மீண்டும் கேட்கும்போது குரல் உடைகிறது. அந்த ஒரு காட்சிக்கே எழுத்துக்கும் நடிப்புக்கும் சம மதிப்பெண் தரலாம்.