வண்டிக்கு எதுக்கு ஜன்னல், அண்ணாச்சி?

என் புல்லட்டின் முன்னால் நானே அறுத்து மாட்டியிருக்கிற காற்றுத் தடுப்புக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. டீக்கடையில் ஒருவர், “அண்ணாச்சி, வண்டிக்கு எதுக்கு ஜன்னல்? அப்படியே கம்பியும் போட்டிருக்கலாம்லா” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதே வாய் அடுத்துச் சொன்னது ஆகாது. “இந்த வயசுல காத்து தாங்கலைன்னா வண்டியை விட்டுட்டு பஸ்ல போக வேண்டியதுதானே?”

இந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன். கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். பல் போனால் பல்செட் கட்டுகிறோம். அப்போதெல்லாம் யாரும் “படிக்கிறதை நிறுத்திரும், சோறு திங்கிறதை நிறுத்திரும்” என்று சொல்வதில்லை. காற்று அடித்துக் கழுத்து வலித்தால் மட்டும் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம்.

பணகுடியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆனி, ஆடியில் வண்டி ஓட்டிப் போனவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் பிழிந்துகொண்டு வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? பணகுடி தாண்டித் தெற்கே போகையில் அது வலது விலாவில் இடிக்கும். காவல்கிணறு தாண்டி மேற்கே திரும்பினால் நேரே நெஞ்சில்.

கணக்கு எளிது. காற்றின் தள்ளு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மீட்டர் 60 காட்டுகிறது, எதிர்க்காற்று 30 என்றால் உங்கள் நெஞ்சுக்கு அது 90. வேகம் ஒன்றரை மடங்கு, விசையோ இரண்டே கால் மடங்கு. அதைத் தாங்க ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறோம். கை மரத்துப் போகிறது, தோள் கல்லாகிறது. அப்படி அசந்து போனவன்தான் பிரேக்கை அரை நொடி தாமதமாக மிதிப்பான். புரை அறுவை செய்த கண்ணுக்கு ஹெல்மெட்டின் அடிவழியாக ஏறும் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். இது சொகுசு இல்லை ஐயா, பாதுகாப்பு.

இன்னொன்று. இது என்னமோ நான் கண்டுபிடித்த கோமாளித்தனம் மாதிரிப் பேசுகிறார்கள். லாம்ப்ரெட்டா, வெஸ்பா, பஜாஜ் சேட்டக் ஓடிய காலத்தில் முன்னால் கண்ணாடி மாட்டிய ஸ்கூட்டர் தெருவுக்கு ஒன்று நின்றது. சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டிய தலைமுறை நாம். இன்று விளம்பரத்தில் வருகிற பையன் தலைமுடி பறக்க ஓட்டுகிறான் என்பதற்காக, பெரும்பாலான வண்டிகள் முன்பக்கம் மொட்டையாகவே வருகின்றன.

கடையில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே உயரம். நான் ஒரு கடையில் பார்த்தது மெல்லிய அக்ரிலிக். எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டால் “நல்ல பிளாஸ்டிக்” என்று பதில். 31 வருஷம் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் பையன்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவனிடம் இந்தப் பதில் செல்லுமா?

அதற்காகக் கையில் கிடைத்ததை எல்லாம் மாட்டுகிறவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். போர்டு எழுதும் கடையில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டு மலிவாகக் கிடைக்கும். உடைந்தால் கத்தி கத்தியாக உடையும். கழுத்துக்கு நேராக அதை வைக்கலாமா? பாலிகார்பனேட் வாங்குங்கள், 3 மி.மீ. கூரைக்குப் போடுகிற, உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட் இல்லை; தெளிவான கெட்டி ஷீட். சுத்தியலால் அடித்தாலும் சில்லாகச் சிதறாது. வெயில் தாங்கும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய தாளில் போட்டிருக்கும், அவசரப்பட்டு உரித்துவிடாதீர்கள்.

முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி வண்டியில் கட்டிப் பாருங்கள். உட்கார்ந்தால் கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டுகிற பேச்சே கூடாது. இரவு மழையில் எதிரே லாரி விளக்கடித்தால், அந்தக் கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு கீறலும் ஒரு மத்தாப்பு. மேலாகப் பார்க்க வேண்டும். காற்று மட்டும் விளிம்பில் ஏறி ஹெல்மெட்டுக்கு மேலே போக வேண்டும்.

“கண்ணாடி போட்டேன், தலை இன்னும் குலுங்குது” என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு. குற்றம் கண்ணாடியுடையது இல்லை. முன்பக்கம் முழுக்க அடைத்துவிட்டால் பின்னால் அழுத்தம் குறைந்து, மேலே ஏறிய காற்று சுழன்று மண்டையில் விழும். அடியில், ஹெட்லைட்டுக்கு மேலே, இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பாருங்கள். கொஞ்சம் காற்று உள்ளே போகட்டும். சாய்வையும் சிறிது மாற்றிப் பாருங்கள். குலுக்கல் பாதிக்கு மேல் அடங்கும். எனக்கு அடங்கியது.

அகலத்தில் ஆசை வேண்டாம். இது ஹேண்டில்பாரோடு திரும்புகிற பாய்மரம். பக்கக்காற்றில் அகலக் கண்ணாடி திருப்பத்தையே பிடித்து இழுக்கும். நம் கணவாய்ப் பக்கம் ஓட்டுகிறவர்கள் நெஞ்சகலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வையுங்கள். கைக்குக் காற்று அடிக்கட்டும், பரவாயில்லை.

ஓட்டை போடும்போது போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாகப் போட்டு, ரப்பர் வாசர் வைத்து, மெதுவாக முடுக்க வேண்டும். இறுக்கினால் ஓட்டையைச் சுற்றி ரோமம் ரோமமாக விரிசல் ஓடும். நட்டு கழலாமல் இருக்க ஊற்றுகிற பசைத் திரவமும் ஆகாது, அது பாலிகார்பனேட்டைத் தின்றுவிடும். நைலான் பூட்டு நட்டு போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு என்று நாலு இடத்தில் பிடிப்பு. விளிம்பை அரத்தால் உருட்டி ரப்பர் பீடிங் செருகுங்கள். பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, கிளட்ச் கேபிள், பிரேக் ஒயர், டேங்க் எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் ரோட்டுக்குப் போகலாம். முதலில் 40, அடுத்து 50. ஹேண்டில் ஆடினால் கண்ணாடியைச் சிறிதாக்குங்கள். வீம்பு பிடிக்காதீர்கள்.

மெக்கானிக் பையன்களிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். எதையும் பெட்ரோலில் துடைப்பது அவர்கள் பழக்கம். பாலிகார்பனேட்டில் பெட்ரோல் பட்டால் பாழ். அமோனியா கலந்த நீலத் திரவமும் அப்படியே. சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தி வேட்டியும் போதும்.

சட்டம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கிற விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. நாலு போல்ட்டில் கழற்றி வைக்கிற கண்ணாடியால் என் எஞ்சின் மாறியதா, சேசிஸ் மாறியதா, எரிபொருள் மாறியதா? நம்பர் பிளேட்டையோ விளக்கையோ மறைத்தால் கேளுங்கள், கழற்றிவிடுகிறேன். சைலன்சரை அறுத்துவிட்டுத் தெருவையே எழுப்புகிறவனிடம் இந்தப் பிரிவை முதலில் படித்துக் காட்டுங்கள்.

மைலேஜ் குறையுமே என்கிறார் இன்னொருவர். நிமிர்ந்த கண்ணாடிக்குக் கொஞ்சம் குறையலாம். போகட்டும். டீக்கடைக்காரர் போன வாரம் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, மிச்ச ஷீட் இருக்கா? எங்க அப்பா டிவிஎஸ்-க்கு ஒண்ணு அறுத்துத் தாங்க” என்றார். இருக்கிறது. அட்டையும் காலண்டரும் அவரே கொண்டுவர வேண்டும், அவர் அப்பாவையும் வண்டியில் உட்கார வைத்துத்தான் அளவெடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.