கார்ச் சாவி கிடைத்தால் ஊருக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாகாது



மலேசியா போய் வந்ததிலிருந்து ஊரில் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சேர், அங்க கார ஹயருக்கு எடுத்து நாமளே ஓடலாமா?" ஓடலாம். ஓடத்தான் வேண்டும் என்றும் சொல்வோம். ஆனால் அந்தக் காரில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் இரண்டு ஆசிரியர் குடும்பங்கள். பெரியவர்கள் 4 பேர், பிள்ளைகள் 3 பேர். மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. விடுமுறையில் லீவும் கிடைத்தது. நம்மவர்கள் வழமையாகப் போகிற பொதிப் பயணத்தில் இரட்டைக் கோபுரம், ஷொப்பிங் மோல், பத்துமலை என்று பஸ்ஸிலேயே நாள் முடிந்துவிடும். அதில் பிழையில்லை. வயதானவர்களுக்கு அதுதான் வசதி. எங்களுக்கு மட்டும், வயல் செய்கிற மலாய்க் கிராமத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. அதனால் 7 பேர் அமரக்கூடிய பெரோடுவா அல்சா ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து வடக்கே கெடா மாநிலத்துக்குப் போனோம். 400 கிலோமீற்றருக்கு மேல்.

ஓடுவது கஷ்டமில்லை. நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீற்றர் வரை போகலாம். இடையிடையே இருக்கும் தரிப்பிடங்களில் சாப்பாட்டுக் கடையும் தொழுகை அறையும் உண்டு. ஒரு வக்து தொழுகைகூடப் பிந்தவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கெடாவை மலேசியாவின் நெற்களஞ்சியம் என்பார்கள். அலோர் ஸ்டார் நகரைத் தாண்டியதும் அது ஏன் என்று புரிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய வான் மாட் சமான் கால்வாய் இன்றும் ஓடுகிறது. அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலைப் பக்கமாக சுமார் 35 கிலோமீற்றர். பிறகு வந்த மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் அந்த மக்கள் வருடத்துக்கு இரண்டு போகம் செய்கிறார்கள். கல்லோயாத் தண்ணீரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால், வரம்பு, கொக்கு, உழவு மெஷின். "வாப்பா, இது நம்மட வட்ட மாதிரியே இருக்கு" என்றான் சின்னவன். நாம் உடுக்கிற சாரமும், பெருநாளைக்குக் கிண்டுகிற தொதலும், வாங்கித் தின்கிற ரம்புட்டானும் அந்தப் பக்கத்துப் பெயர்கள்தான் என்று காருக்குள்ளேயே ஒரு பாடம் நடத்தினோம்.

பிழை நடந்தது அதன் பிறகு.

கால்வாய் ஓரமாக ஒரு சின்னப் பாதை. காரைத் திருப்பினோம். கால் மரம் நட்டு உயர்த்திக் கட்டிய பழைய பலகை வீடு ஒன்று. படியில் ஒரு வயதான உம்மா இருந்து, மடியில் சுளகை வைத்து ஏதோ துப்பரவு செய்துகொண்டிருந்தார். அழகான காட்சி. கடப்படியில் காரை நிறுத்தினோம். கண்ணாடி இறங்கியது. மூன்று போன் வெளியே நீண்டது. நாங்கள் ஸலாம் சொல்லவில்லை. சிரிக்கக்கூட இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தார். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சத்தமில்லை, ஏச்சில்லை.

கார் நகர்ந்தபோது பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "நம்மட உம்மம்மாவ அந்த வெள்ளக்காரன் படம் எடுத்த மாதிரி நாமளும் எடுத்துட்டமா?"

யாருக்கும் பதில் வரவில்லை.

ஊரில் உள்ள உங்களுக்கு அந்தச் சம்பவம் நினைவிருக்கும். அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் ஓட்டோவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தாங்களாகவே ஓடி வருகிறார்கள் அல்லவா? அப்படி வந்த இரண்டு பேர், முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த எங்கள் உம்மம்மாவை வேலிக்கு மேலால் வீடியோ எடுத்தார்கள். அவர் வீட்டு உடுப்பில், தலையில் துணி சரிந்த நிலையில் இருந்தார். அன்றிரவு அவர் சோறு தின்னவில்லை. "என்ட படத்த எந்த ஊர்ல பாக்கிறானுகளோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் கோபத்தில் இதே பக்கத்தில் எழுதினோம். நீங்களும் பகிர்ந்தீர்கள். "நாங்கள் காட்சிப் பொருளா?" என்று கேட்டோம்.

வெளிநாட்டில் ஒரு கார்ச் சாவி கைக்கு வந்ததும் நாங்களும் அதையே செய்துவிட்டோம். அதுவும் நம்மைப் போலவே முக்காடு போடுகிற ஒரு தாய்க்கு.

அஸருக்குப் பக்கத்துப் பள்ளியில் தொழுதோம். தொழுகை முடிந்ததும் அங்கிருந்த ஒரு பெரியவரிடம், தெரிந்த ஆங்கிலத்திலும் கையாலும் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. எங்களோடு வந்தார். வாசலில் நிற்காமல் நேரே படியடிக்குப் போய் நின்று ஸலாம் சொன்னார். பதில் வரும்வரை காத்திருந்தார். அந்த மக்களின் வழக்கம் அதுதான். கீழே நின்று ஸலாம் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். உள்ளிருந்து பதில் வந்தது. பெரியவர் விசயத்தைச் சொன்னார். பெண்கள் இருவரும் படியேறிப் போய், போனிலிருந்த படங்களை அந்த உம்மாவுக்கு முன்னாலேயே அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினாராம். அவ்வளவுதான். தேநீர் தந்தார், கட்டிப்பிடித்தார் என்று கதை சொல்ல நாங்கள் விரும்பவில்லை. மன்னித்தாரா என்பது அவருக்கும் ரப்புக்கும் தெரியும்.

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று ஸூரத்துந் நூர் நமக்குக் கற்பிக்கிறது. அதை வகுப்பில் எத்தனை தடவை படிப்பித்திருப்போம்! கதவைத் தாண்டினால்தான் நுழைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கெமராவும் நுழையும் என்பதை ஒரு பிள்ளைதான் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது.

"அப்படியென்றால் கிராமத்துக்கே போகாமல் இருந்தால் நல்லதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் கருத்து அதுவல்ல. பஸ்ஸில் போனால் வழிகாட்டி ஒருவர் கூட வருகிறார். எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று அவருக்குத் தெரியும். நாமே காரை ஓடும்போது அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. அதைத் தூக்கத் தயாராக இருப்பவர் தாராளமாகப் போகட்டும்.

போகிறவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்டவை இவை.

ஊரிலிருந்து புறப்படுமுன் கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி எதை மூடும், எதை மூடாது, சேதம் வந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். காரைப் பாரமெடுக்கும்போது ஒவ்வொரு கீறலையும் படம் எடுங்கள். போனுக்கு அங்கேதான் வேலை. பாஸ்போட்டை யாரிடமும் அடகாக விடாதீர்கள். சின்னப் பிள்ளை இருந்தால் சிறுவர் ஆசனம் கேளுங்கள். மலேசியாவில் 2020 முதல் அது கட்டாயம்.

கிராமத்துக்குள் போனால் காரைப் பள்ளியடியிலோ கடையடியிலோ நிறுத்திவிட்டு நடந்து போங்கள். முதலில் தொழுங்கள், ஸலாம் சொல்லுங்கள், எந்த ஊர் என்று சொல்லுங்கள். அந்தக் கடையிலேயே சாப்பிடுங்கள், சாமானும் அங்கேயே வாங்குங்கள். நகரத்தில் பொதி கட்டிக்கொண்டு போய்க் கிராமத்தில் குப்பையை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். இரவு தங்க விருப்பமென்றால் வீட்டுக்காரரோடு தங்கும் ஹோம்ஸ்டே முறை இருக்கிறது. மலேசிய அரசு 1995இல் தொடங்கிய திட்டம் அது. அங்கே நீங்கள் அழைக்கப்பட்ட விருந்தாளி. ஆளைப் படம் எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள். மொழி தெரியாவிட்டால் போனைக் காட்டிச் சைகையால் கேட்கலாம். "வேண்டாம்" என்பது எல்லா மொழியிலும் முகத்தில் தெரியும்.

கடைசியாக நமது ஊருக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டு வேலியடிக்கு வருகிற அந்த வெள்ளைக்காரரும் எங்களைப் போலத்தான் இருப்பார். கெட்ட எண்ணத்தில் வந்தவர் என்று சொல்ல முடியாது. யாரும் சொல்லிக் கொடுக்காததால் தெரியாமல் செய்தவர். பள்ளிவாசல் நிர்வாகமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து ஊர் முகப்பில் ஆங்கிலத்தில் ஒரு பலகை வைக்கலாம். "வாருங்கள். ஓட்டோவை இங்கே நிறுத்துங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தேநீர் இந்தக் கடையில் கிடைக்கும்." நாலு வரி போதும். எழுதிக் கொடுக்க நாங்கள் தயார். ஏசிக்கொண்டே இருப்பதைவிட அது பயன் தரும்.

ஊருக்கு வந்து உம்மம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மனிசி தனியாவா இருந்தா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றோம். அத்தனை படம் எடுத்த எங்களுக்கு அது தெரியவில்லை.

அல்லாஹ் நம் பயணங்களை யாருக்கும் நோவு தராத பயணங்களாக ஆக்கி வைப்பானாக.