ஏ1 கட்டத்தில் எங்க ஆத்தா

வேளாண் வணிகம் படிக்கிறேன் தோழர்களே, பட்டத்துக்கு. சாகுபடிச் செலவுக் கணக்கில் ஏ1 என்றொரு கட்டம்: விதை, உரம், உழவுமாடு, கூலியாள். எங்க ஆத்தா மாட்டுக்குப் பக்கத்துல நிக்கிறா. ஆண்டையின் சொந்த நிலத்துக்கோ சி2 கணக்கில் வாடகையே போட்டுக் கொடுக்கிறார்கள். மண்ணுக்குக் கூலி! 2007 தேசிய உழவர் கொள்கை கூலியாளும் உழவரே என்றது, 2019இல் பி.எம். கிசான் ஆண்டுக்கு 6000 ரூபாய் கொடுக்க வந்தப்ப நிலம் இருக்கான்னு கேட்டது. ஏன் இல்லைன்னு எந்தப் பரீட்சையிலும் கேள்வி வராது. 1891இல் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, அதன்பின் வந்த பஞ்சமி நிலம், அதை மீட்கும் காரணைப் போராட்டத்தில் 1994இல் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை: பாடத்தில் ஒருவரும் இல்லை. பஞ்சமி நிலத்தையே ஆய்வுக்கு எடுத்தேன். “காய்கறிச் சந்தை எடுப்பா” என்றார் வாத்தியார். தாலுகா ஆபீசில் அ-பதிவேடு கேட்டு மனு போட்டிருக்கிறேன்.